மாட்டுக் கண்ணில் மஞ்சள்

நாய்க்கு நீல மூக்கு வைத்தவள் என்றால் நெல்லித்தோப்பில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். மீதிப் பேர் கத்திரிப்பூ நிறத்தில் பூனை வரைகிற அம்மா என்பார்கள். தொழிலே அதுதான். ஆட்கள் தங்கள் வீட்டு நாய், பூனை, கிளி, எப்போதாவது ஒரு குதிரை என்று வருவார்கள். நான் அதன் முகத்தைக் கேன்வாஸில் பெரிதாக, கண்ணைப் பறிக்கிற நிறங்களில் வரைந்து கொடுப்பேன். வாங்கிப் போகிறவர்களில் ஒருவராவது வாசலில் நின்று திரும்பி, "எங்க நாய் பழுப்புங்க" என்று சொல்லாமல் போக மாட்டார். எனக்கு வரும் பாருங்கள் ஒரு கோபம்!

வெறும் பழுப்பாக ஒரு நாயை நான் இதுவரை பார்த்ததில்லை. வெயிலில் நிற்கிற நாயின் முதுகில் வானத்து நீலம் கிடக்கும். வயிற்றடியில் செம்மண் தரையின் சிவப்பு ஏறியிருக்கும். காது சூரியனுக்கு நேரே வந்தால் உள்ளே ஓடுகிற ரத்தம் தாமரை நிறத்தில் தெரியும். இருக்கிற நிறத்தை ஒன்றுக்குப் பத்தாக ஏற்றி வைப்பேன், இல்லாததை வைக்க மாட்டேன். இதைப் பல வருஷமாக எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். ஒருத்தரும் நம்பியதில்லை. வாய் நீளம் என்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

பிரெஞ்சுக்காரர் காலத்து ஒயிட் டவுனில் ஒரு கெஸ்ட் ஹவுஸின் நடைவழியில் என் படங்கள் ஆறு தொங்குகின்றன. ஆறும் நாய்கள். வெயில் ஏற ஆரம்பித்திருந்த ஒரு சித்திரை மாதம் ஏழாவதை மாட்டப் போயிருந்தேன். அங்கே அறைகளைச் சுத்தம் செய்கிற பெண் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். படங்களை வரிசையாகப் பார்த்தாள்.

"எல்லாம் நாயாவே இருக்குதேக்கா. மாடெல்லாம் வரைய மாட்டீங்களா?"

"யாரும் கேக்கலயேம்மா."

"நான் கேக்குறேன். எங்கூட்ல ஒரு பொண்ணு இருக்குது. வந்து பாருங்க. அதும் அழகுக்கு முன்னாடி இதுங்க எந்த மூலைக்கு?"

பொண்ணு என்று அவள் சொன்னது அவளுடைய கறவை மாட்டை. வீடு உழவர்கரையில். கணவர் வேலை செய்த மில் மூடிப்போனதிலிருந்து பகல்நேர வாட்ச்மேன் வேலைக்குப் போகிறார். இவள் இங்கே வருகிறாள். வீட்டில் மூன்று பேர் சம்பாதிக்கிறோம், அதில் லீவு போடாதது மாடு ஒன்றுதான் என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கு அவளை அங்கேயே பிடித்துப்போனது. மறுநாளே வருகிறேன் என்றேன்.

இரண்டு மாடி வீடுகளுக்கு நடுவே ஒரு காலி மனையில் தகரக் கொட்டகை. ஒரு பக்கம் வைக்கோல் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. விடியும் முன் பால் கறந்து, ஊற்றவேண்டிய வீடுகளுக்கு ஊற்றிவிட்டு அவள் வேலைக்குப் போய்விடுவாள். திரும்ப வந்து கறக்கும்போது இருட்டியிருக்கும். அதனால் பகல் முழுக்க நானும் மாடும்தான்.

முதல் நாள் நான் பிரஷைத் தொடவே இல்லை. கறுப்பும் வெள்ளையுமாகக் கலப்பின மாடு. பாதையோரம் எத்தனையோ மாடுகளை வண்டியில் கடந்து போயிருக்கிறேன். ஒரு மாட்டின் முன்னால் மூன்று மணி நேரம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அந்தக் கறுப்பில் இருந்த நிறங்களை என்னவென்று சொல்ல! தோள்பட்டையில் மயில் கழுத்து நீலம், விலாவில் ஊதா, கழுத்து மடிப்பில் பழுத்த நாவல். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எழுந்து அடங்கும்போது நிறங்கள் இடம் மாறின. இத்தனை பெரிய உயிர் என்னை ஒன்றும் செய்யாமல் பொறுத்துக்கொண்டு நிற்கிறதே என்று நினைத்தபோது எனக்குக் கை கூப்பத் தோன்றியது. கூப்பினேன் என்றே சொல்லிவிடுகிறேன், யாரும் பார்க்கவில்லை.

எந்த முகமானாலும் கண்ணின் வெள்ளையைத்தான் முதலில் வைப்பேன். மற்ற நிறங்களை எவ்வளவு தூக்குவது, எவ்வளவு அடக்குவது என்பதை அதைக்கொண்டுதான் முடிவு செய்வேன். மாட்டுக்குக் கண்ணில் வெள்ளை சுலபத்தில் தெரியாது. ஓரக்கண்ணால் பார்க்கும்போது மூலையில் கொஞ்சம் தெரியும். இரண்டாம் நாள் அது என்னை ஓரக்கண்ணால் பார்த்தது. மூலையில் அருமையான ஒரு மஞ்சள். பக்கத்து வைக்கோலின் ஒளி கண்ணில் விழுகிறது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எலுமிச்சை மஞ்சளில் துளி ஆரஞ்சு சேர்த்து, வழக்கம்போல் பத்தாக ஏற்றி வைத்தேன். ஊதாவுக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் அப்படி எரிந்தது. பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வரைந்தேன். மூன்றாம் நாள் அது இன்னும் நன்றாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் வைத்தேன்.

நான்காம் நாள் அவளுக்கு மாதத்தில் ஒரே நாள் கிடைக்கிற லீவு. பத்து மணிக்குக் கொட்டகைக்கு வந்து, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு கேன்வாஸுக்கு முன்னால் நின்றாள்.

"அய்யய்யோ, என்னாக்கா இது, எம் பொண்ணுக்கு ஹோலிப் பொடி பூசிட்டீங்க" என்று வாய்விட்டுச் சிரித்தாள். மூக்கின் ரோஜா நிறத்தைப் பார்த்துச் சிரித்தாள். கொம்பின் அடியில் இருந்த பச்சையைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. கிட்டே குனிந்து பார்த்தாள்.

"இந்த மஞ்சள் நீங்களா வெச்சதா, அதுங்கிட்ட இருக்கறதா?"

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. நாய் நீலமா என்பார்கள், பூனை ஊதாவா என்பார்கள். எது நான் வைத்தது, எது அங்கே இருந்தது என்று பிரித்துக் கேட்டவள் இவள் ஒருத்திதான்.

"இல்லாதத நான் வெக்க மாட்டேன்ம்மா. வைக்கோல் வெளிச்சம் கண்ணுல அடிக்குது."

"வைக்கோல் இல்லன்னா?"

கறுப்புக் குடை கொண்டுபோயிருந்தேன். அதை விரித்து வைக்கோலுக்கும் மாட்டு முகத்துக்கும் நடுவே பிடித்தேன். அவள் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து முகத்தைத் திருப்பினாள். மாடு ஓரக்கண்ணால் எங்களைப் பார்த்தது. வைக்கோலின் ஒளி முழுக்க மறைந்திருந்தது. மஞ்சள் அப்படியே இருந்தது.

அவள் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து மாட்டு டாக்டருக்கு அடித்தாள்.

மதியம் ஸ்கூட்டரில் வந்தார் டாக்டர், சின்ன வயசுப் பெண். கண் இமையை இறக்கிப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார். காதுக்குப் பின்னாலிருந்தும் மடிப் பக்கத்திலிருந்தும் உண்ணிகளைப் பிடுங்கிக் காட்டினார்.

"உண்ணிக் காய்ச்சல். ரத்தம் ரொம்ப கொறஞ்சிருக்கு. காமாலையும் ஏறியிருக்கு. எத்தன நாளா?"

"தீனி கொறைவாத்தான் எடுத்துது. பாலும் கொறைஞ்சுது. வெயிலுக்குன்னு நெனச்சிட்டேன்மா."

"கண்ணப் பாக்கலியா?"

அவள் கொட்டகைக் கூரையை நிமிர்ந்து பார்த்தாள். அங்கே ஒரு பழைய குண்டு பல்பு தொங்கியது. அவள் மாட்டின் முகத்தைப் பார்ப்பது விடியும் முன்னும் இருட்டிய பின்னும் அந்த பல்பு வெளிச்சத்தில்தான். மஞ்சள் வெளிச்சத்தில் மஞ்சள் தெரியாது. நிறம் கலக்கிற யாருக்கும் தெரிந்த பாடம் அது.

"மூணு நாளா இருக்குதுங்க டாக்டர்" என்றேன். டாக்டர் என்னைப் பார்த்தார், பிறகு கேன்வாஸைப் பார்த்தார். ஊசி போட்டுவிட்டு, பிழைக்குமா என்று இப்போது சொல்ல முடியாது, கண்ணின் மஞ்சள் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தினமும் பகலில் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

அவர் போன பிறகுதான் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மூணு நாளா பாத்துகினுதானக்கா இருந்தீங்க?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ரசித்துக்கொண்டும் இருந்தேன். ஒரு உயிர் நோவில் நிற்பதை நல்ல கலர் என்று எடுத்து வைத்திருக்கிறேன். அதை அவளிடம் சொல்லவும் செய்தேன், மறைக்கவில்லை. அவள் தலையை ஆட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் மாட்டின் கழுத்தைத் தடவினாள். பிறகு, "எனக்கு லீவு தர மாட்டாங்க. பகல்ல நீங்கதான் பாக்கணும்" என்றாள்.

மறுநாள் மாட்டின் கண்ணைப் போனில் படம் எடுத்தேன். ஒன்றில் மஞ்சளாக வந்தது, அடுத்ததில் போனே பார்த்து வெள்ளையாக்கிக் கொடுத்தது. அதை நம்பி ஒரு உயிரை விட முடியாது. வீட்டிலிருந்து புடவைப் பெட்டியின் வெள்ளை அட்டை மூடியைக் கொண்டுவந்தேன். குடையால் வைக்கோலை மறைத்து, அட்டையை மாட்டின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, அதன் கண்ணில் இருக்கிற அதே மஞ்சள் வரும்வரை தட்டில் நிறத்தைக் கலக்கினேன். பத்தாக ஏற்றாமல், இருந்தது இருந்தபடி. அதில் ஒரு புள்ளி எடுத்து அட்டையில் வைத்தேன். அவ்வளவு கஷ்டமான வேலையை நான் அதுவரை செய்ததில்லை.

மதியம் அட்டையை எடுத்துக்கொண்டு கெஸ்ட் ஹவுஸின் பின்வாசலுக்குப் போவேன். அவள் வெளியே வந்து வெயிலில் பிடித்துப் பார்ப்பாள், டாக்டருக்குப் போன் செய்வாள், திரும்பவும் வேலைக்குப் போவாள். இரண்டாவது புள்ளி முதல் புள்ளி மாதிரியே இருந்தது.

மூன்றாவது புள்ளி ஆழமாக வந்தது. திரும்பத் திரும்பக் கலக்கிப் பார்த்தேன், அதே ஆழம்தான். மாடு தலையைத் தொங்கப்போட்டு நின்றது, அசைபோடவில்லை. நெல்லித்தோப்பு சிக்னலில் வண்டி நின்றபோது எனக்குப் பாழும் புத்தி ஒன்று வந்தது. பையில் வெள்ளை ட்யூப் இருக்கிறது. புள்ளியின் ஈரம் இன்னும் காயவில்லை. துளி சேர்த்துவிட்டால் அந்தப் பெண் இன்று ஒரு நாளாவது நிம்மதியாக வேலை பார்ப்பாள். பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள். பையைத் திறக்கவில்லை.

அவள் அட்டையை வெயிலில் பிடித்தாள்.

"ஏறியிருக்குது."

"ஆமாம்மா."

"நீங்க ஏத்தி வெக்கலியே?"

"இல்லம்மா. இது அதோடது."

நம்பினாள். என்னை, என் நிறத்தை, ஒரு ஆள் அப்படியே நம்பியது அன்றுதான். அங்கேயே நின்று டாக்டரைக் கூப்பிட்டாள். அன்று மாலையே டாக்டர் வந்து இரண்டாவது ஊசி போட்டு, பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றினார். நாளைக்கென்று விட்டிருந்தால் மாடு எழாமல் படுத்திருக்கும் என்றார்.

அடுத்த இரண்டு புள்ளிகளும் அதே ஆழத்தில் நின்றன. ஆறாவது இறங்கியது. ஆனால் எனக்கே சந்தேகம், ஆசையில் பார்க்கிறேனோ என்று. ஏழாவதும் இறங்கியதும் சந்தேகம் போயிற்று. மாடு அகத்திக்கீரைக் கட்டை இழுத்துத் தின்ன ஆரம்பித்தது. அந்த வாயின் வேலையைப் பார்த்துக்கொண்டு கொட்டகையில் நான் மட்டும் சத்தமாகச் சிரித்தேன். ஒரு உடம்பு தனக்குள்ளேயே நிறத்தைத் திருத்தி எழுதிக்கொண்டு போகிறது. நான் ஆயுசுக்கும் நிறம் கலந்தவள், அந்த வேலைக்கு முன்னால் வாயைப் பிளந்து நின்றேன். பெரிய கேன்வாஸை வீட்டில் சுவர் பார்க்கத் திருப்பி வைத்திருந்தேன். அந்த நாட்களில் அதை நினைக்கவே இல்லை.

பன்னிரண்டாம் நாள் அட்டையோடு பின்வாசலுக்குப் போனேன். அவள் கழுவிக்கொண்டிருந்த வாளியை விட்டுவிட்டு, நுரைக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். அட்டையை வாங்கி வெயிலில் பிடித்தாள். இரண்டு வரிசைப் புள்ளிகளையும் விரல் வைத்து எண்ணினாள். பதினொன்றில் விரல் நின்றது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. அவள் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது.

"இன்னிக்கு வெக்கலியா? ஏன்க்கா வெக்கல? பொண்ணுக்கு என்னா ஆச்சு, சொல்லுங்கக்கா!"

"வெச்சிருக்கேன்ம்மா" என்று அவள் கையோடு அட்டையைச் சாய்த்தேன். பதினொன்றாவதுக்குப் பக்கத்தில், வெள்ளை அட்டையின் மேல், ஈரமாக ஒரு வட்டம் மின்னியது. அவள் அதை விரலால் தொட்டாள். விரலை வெயிலில் தூக்கிப் பார்த்தாள். வெள்ளை. வாளியையும் வேலையையும் என்னையும் மறந்து, அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்து அந்த விரலைப் பார்த்துப் பார்த்து அழுதாள்.