பந்து இல்லாத வீடியோ

வீடியோ குமரண்ணன் போய்விட்டார். காலையில் கடை ஷட்டரைத் தூக்கியவர் அப்படியே படியில் உட்கார்ந்தாராம்... அவ்வளவுதான்.

மேனாம்பேடு பக்கம் கல்யாணம் செய்தவர்கள் வீட்டு ஆல்பத்தைத் திருப்பிப் பாருங்கள், பின்னட்டையில் அவர் பெயர் இருக்கும். காலையிலிருந்து எல்லோரும் "தங்கமான மனுஷன்" என்று பதிவு போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

தங்கம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. என் வாழ்க்கையை இவ்வளவு ஆசையாக வேறு யாரும் கெடுத்ததில்லை.

பிளஸ் டூவில் நான் ஸ்கூல் ஃபுட்பால் டீம் கோல்கீப்பர். இப்போதைய என் உடம்பைப் பார்த்தவர்கள் சிரிக்கலாம்... சிரித்துக்கொள்ளுங்கள்.

சிட்டியில் ஒரு காலேஜில் பெண்கள் ஃபுட்பால் டீம் இருந்தது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எடுத்துக்கொண்டால் படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு.

எடுக்காவிட்டால் எனக்குக் காலேஜே கிடையாது, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கம்பெனி வேலைதான். அம்மா அதை முன்பே சொல்லிவிட்டாள்.

"மேட்ச் வீடியோ ஒன்று கையில் இருந்தால் நல்லது" என்று பி.டி. மிஸ் சொன்னார். அம்மா நேராகப் போய் நின்ற இடம் எங்கள் தெருமுனையில் இருந்த குமரண்ணன் கடை.

"இன்னாக்கா கேக்குற, நம்ம பாப்பாக்கு செலக்‌ஷன்னா நான் எடுக்காம வேற எவன் எடுப்பான்?" என்றார்.

அந்த "செலக்‌ஷன்" என்ற வார்த்தையில்தான் சனி உட்கார்ந்திருந்தது. அவர் தொழிலில் செலக்‌ஷன் என்றால் ஒன்றுதான்: பெண்ணின் வீடியோ மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும், அவர்கள் பார்த்து முடிவு சொல்வார்கள்.

ஆவடியில் ஃபைனல், குமரண்ணன் கேமராவோடு வந்துவிட்டார். டை-பிரேக்கரில் கடைசி பெனால்டி, அடிக்க வந்தவள் எதிர் டீம் கேப்டன்.

வலது மூலை, நல்ல உயரம்... பறந்து தட்டிவிட்டேன். அதற்குப் பிறகு வாழ்க்கையில் நான் எதையும் அவ்வளவு அழகாகச் செய்ததில்லை.

விழுந்த வேகத்தில் மணிக்கட்டு முறிந்தது. அடுத்த வாரம் காலேஜ் ட்ரையல்ஸில் மாவுக்கட்டோடு போய் நின்றேன், பக்கத்தில் அம்மா.

காலேஜ் கோச் மேடம் துரத்திவிடவில்லை, நல்லவர். "கட்டு பிரிச்சதும் ஆடிக்கலாம். வீடியோ இருந்தா காட்டும்மா, அத வெச்சே பாத்துக்கறேன்" என்றார்.

பென் டிரைவைக் கொடுத்தேன். லேப்டாப்பில் முதலில் வந்தது நாதஸ்வரம்.

அப்புறம் ரோஜா இதழ்கள் கொட்டின. இதய வடிவத்துக்குள் என் முகம், ஸ்லோ மோஷனில் என் முகம், வேர்வை துடைக்கும்போது என் முகம்...

பெனால்டி வந்தது. கேமரா ஜூம் ஆகி என் கண்ணில் வந்து நின்றது. அடுத்த நொடி நான் ஃபிரேமை விட்டே பறந்துவிட்டேன், காலி கோல்போஸ்ட் மேல் இதழ்கள் விழுந்துகொண்டிருந்தன.

"பந்து எங்கம்மா?" என்று மேடம் கேட்டார்.

பின்னால் நின்ற பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். மேடமும் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

அம்மா மட்டும் என் காதருகே குனிந்து, "நல்லாத்தானடி கீது" என்றாள்.

நான் தடுத்த பெனால்டியை அடித்தாளே, அந்தக் கேப்டன்... அந்த வருஷம் அவளுக்கு அங்கே சீட் கிடைத்தது. அவள் வீடியோவில் பந்து இருந்தது.

திரும்பி வந்ததும் நேராகக் கடைக்குப் போய்க் கத்தினேன். "பந்த ஏண்ணே எடுக்கல?"

"இன்னா பாப்பா பேசுற? பந்து எல்லார்கிட்டயும் ஒரே மாரிதான் கீது. மூஞ்சிதான வேற?"

அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. திட்டக்கூட முடியாத அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது, இன்றைக்கும் வருகிறது.

நான் எஸ்டேட்டுக்குப் போனேன். என் வீடியோ அவர் கடை டிவிக்குப் போனது. கஸ்டமருக்குக் காட்ட சாம்பிளாம்.

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே நான்தான்... ரோஜா மழையில், யாருக்கும் தெரியாத ஒரு பந்துக்காகக் காத்துக்கொண்டு.

மகள் கல்யாணத்துக்கு ஆர்டர் கொடுக்கக் காட்டுப்பாக்கத்திலிருந்து ஓர் அம்மா அந்தக் கடைக்கு வந்தார். டிவியைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு யாருங்க?" என்று கேட்டார்.

ஆமாம். என் மாமியார்.

என் கல்யாணத்துக்கும் அவர்தான் வீடியோ. தாலி ஏறிய கையோடு கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "பாத்தியா பாப்பா, நம்ம வீடியோ செலக்ட் ஆச்சா இல்லியா?" என்றார்.

மண்டபமே சிரித்தது, நானும் பல்லைக் காட்டி வைத்தேன். அந்தச் சிரிப்பு முழுப் பக்க அளவில் ஆல்பத்தில் இருக்கிறது.

என் வீட்டுக்காரரும் இந்தப் பதிவைப் படிப்பார். படிக்கட்டும்.

மதியம் போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். இப்போது தொழில் அவர் மகள் கையில்... அப்பாவின் கடைசி ஊர்வலத்தையும் அவளேதான் எடுத்துக்கொண்டிருந்தாள், அழுதுகொண்டே.

வண்டியில் அவர்மேல் நிஜ ரோஜா இதழ்களை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கேமராவை அந்தப் பக்கம் வைக்காமல் நேராக என் முகத்துக்குக் கொண்டுவந்து ஜூம் செய்தாள்.

"அக்கா, லேசா இப்பிடித் திரும்பு. உன் மூஞ்சி ராசின்னு அப்பா சொல்லிகினே இருப்பாரு."

நான் திரும்பவில்லை. "உங்கப்பன அந்தாண்ட தூக்கினு போறாங்க, அங்க புடி" என்றேன்.

போய் வாங்கண்ணே. அங்கேயும் யாராவது கூப்பிடுவார்கள், கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள்...

இந்தத் தடவையாவது பந்தைப் பார்த்து எடுங்க.