அண்ணன் கொடுத்த ரத்தம்

என் ஆராய்ச்சிக்குப் பலருடைய ரத்தம் தேவைப்பட்டபோது அண்ணன் தானாகவே முன்வந்தான். சிம்மக்கல்லில் வாழைத்தார் மொத்த வியாபாரம் அவனுக்கு. கடையில் ஆள் இருந்தாலும் தாரை அவனே தூக்கி இறக்குவான். அன்று வேட்டியை மாற்றிக்கொண்டு, நாகமலை புதுக்கோட்டை பஸ் பிடித்துப் பல்கலைக்கழகத்துக்கே வந்துவிட்டான்.

"எம்புட்டு எடுப்பீங்க பாப்பா?"

"கொஞ்சம்தாண்ணே. ஒரு சின்னக் குழாய்."

"இதுக்கா இம்புட்டுப் பேரக் கூப்பிட்ட?" என்று சிரித்தபடி நர்சிடம் கையை நீட்டினான்.

நான் செய்துகொண்டிருந்தது இதுதான். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய சிலிக்கா துகள்கள். ஒருநாள் மருந்தைச் சுமந்து உடம்புக்குள் போக வேண்டியவை. ஆனால் ரத்தத்துக்குள் போனதுமே புரதங்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். துகள்கள் கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடும். அதனால் அவற்றின் மேல் ஒரு பாலிமரைப் பூசினோம். அதில் நேர்மின்னேற்றமும் எதிர்மின்னேற்றமும் சரிக்குச் சரியாக இருக்கும். அது தன்னைச் சுற்றித் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்வதால் புரதம் ஒட்ட இடம் கிடைக்காது. பூசிய துகள்களை ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் போட்டு, நாள்பட அப்படியே தனித்தனியாக நிற்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை.

எல்லோருடைய சீரத்திலும் நின்றன. அண்ணனுடையதில் மட்டும் நிற்கவில்லை. துகள்கள் கட்டி சேர்ந்துவிட்டதுபோல் கருவி பெரிய அளவுகளைக் காட்டியது. குழாயில் லேசாகக் கலங்கலும் தெரிந்தது.

பூச்சு சரியாக விழவில்லை என்றுதான் நினைத்தேன். கழுவி, உலர்த்தி, திரும்பப் பூசினேன். அந்த மழைக்காலம் முழுக்க அதிலேயே போனது. வீட்டில் ஒருநாள் சொன்னேன்.

"ஒன் ரத்தம் மட்டும் ஒத்துவர மாட்டேங்குதுண்ணே."

"வீட்லயே அடங்காதவன் நாந்தான்னு அப்பா சொல்லுவாருல்ல. ரத்தமும் அப்படித்தான் இருக்கும்," என்றான். அண்ணி அவன் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் என் கைடு மேடம், துகளே போடாமல் ஒவ்வொருவருடைய சீரத்தையும் தனியாக அளக்கச் சொன்னார். அதுவரை எல்லோருடைய சீரத்தையும் ஒன்றாகக் கலந்துதான் அப்படித் துகள் இல்லாமல் அளந்திருந்தோம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த அண்ணனுடைய சீரம் பிப்பெட்டில் தயங்கித் தயங்கி ஏறியது. உள்ளே வெள்ளையாக ஒரு படலம். கையில் வைத்துச் சூடாக்கியதும் கரைந்துபோனது. மேடம் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இது யாரோடது?"

"எங்க அண்ணனோடது மேடம்."

"அவருக்கு ஒடம்பு எப்படிம்மா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கான். முதுகு வலி மட்டும் விடாம இருக்கு. தார் தூக்குறதால."

"நாளைக்கே ரத்தத்துல புரதம் எவ்வளவுன்னு பாக்கச் சொல்லு. நம்ம துகள்ல தப்பில்லம்மா."

என் பூச்சு நன்றாகத்தான் இருந்தது. அதைக் கேட்க எத்தனை வாரம் ஏங்கியிருந்தேன். அன்று அந்த வார்த்தை எனக்கு வேண்டாததாக இருந்தது.

எலும்பு மஜ்ஜையில் புற்று என்றார்கள். அங்கே கெட்டுப்போன செல்கள் தேவையில்லாத புரதத்தைச் செய்து ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருந்தன. முதுகெலும்பை நோய் ஏற்கெனவே அரித்திருந்தது. அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பார்த்து, "நீ கண்டுபிடிச்சிட்ட பாப்பா. இல்லன்னா தைலத்தையே தேச்சுக்கிட்டு இருந்திருப்பேன்," என்றான்.

ஊசிகளுக்கு நோய் கொஞ்ச காலம் கட்டுப்பட்டது. நடுவில் ஒருமுறை கடைக்குக்கூடப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தான். அப்புறம் சிறுநீரகம் போனது. ஒரு சாதாரணச் சளி நெஞ்சில் இறங்கி, அவன் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனான்.

எங்கள் கட்டுரை வெளியானபோது அவனுடைய சீரத்தின் அளவுகள் அதில் இல்லை. நோயுள்ள ஒருவரின் ரத்தம் விலக்கப்பட்டது என்று ஒரு வரி மட்டும் எழுதினோம். அந்த வரியை நான்தான் தட்டச்சு செய்தேன்.

வருஷ திதி முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, அண்ணி என்னிடம் கேட்டாள்.

"நீ செஞ்சியே, அந்தத் துகள். அது அவருக்கு மருந்தா ஆயிருக்குமா?"

"இல்ல அண்ணி. அது இன்னும் மருந்தே ஆகல. ரத்தத்துல கட்டியாகாம நிக்குது, அம்புட்டுத்தான்."

அண்ணி தலையசைத்தாள். "நீ இன்னும் சாப்பிடலைல்ல," என்று எனக்கு இலை போட எழுந்தாள்.