எதிர்வீட்டில் வைத்த பை

எனக்குக் கல்யாணமான புதிதில், எழுபதுகளின் நடுவில், சங்கரன்கோவில் வீட்டில் என் மாமியாரையே அதிகாரம் செய்தது சுவரில் தொங்கிய தினசரி காலண்டர்தான். காலையில் மாமியார் தாளைக் கிழித்து, ராகு காலம் எப்போது, சூலம் எந்தத் திசையில், யாருக்குச் சந்திராஷ்டமம் என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கெல்லாம் பொழுது விடியும்.

என் வீட்டுக்காரருக்குப் பம்பாயில் மில் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை, இருபது நாள் லீவு. அந்தத் தடவை அவர் புறப்பட வேண்டியது ஒரு புதன்கிழமை. இன்னும் ஒரே ஒரு நாள் இருந்துவிட்டுப் போனால் என்னவாம் என்று எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. புது மருமகள் வாயைத் திறந்து கேட்க முடியுமா?

மதுரை பஸ் பன்னிரண்டரைக்கு. புதன்கிழமை அது ராகு காலம். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். நல்ல நேரத்தில் பையை மட்டும் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் ஆளே புறப்பட்டுவிட்ட மாதிரி. பிறகு எந்த நேரத்திலும் எடுத்துக்கொண்டு போகலாம். பரஸ்தானம் என்பார்கள். வடக்கே சூலம் என்று பரிகாரத்துக்குப் பால் குடித்துவிட்டு, ஒன்பதேகாலுக்கு அவரே பையை எதிர்வீட்டு மதினியிடம் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் பை மேல் எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே!

பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் எதிர்வீட்டில் பூட்டு தொங்குகிறது. வாசுதேவநல்லூரில் வளைகாப்பாம், குடும்பத்தோடு போய்விட்டார்கள். அவருடைய மில் பாஸும் பைக்குள். "ஏலே, பையக் குடுக்கும்போது எங்கயும் போறியளான்னு ஒரு வார்த்த கேக்கப்பிடாதா?" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

நான் ஏங்கிய நாள் கிடைத்துவிட்டது. ஆனால் வேலைக்குப் பிந்துகிற கோபத்தில் இருப்பார், பக்கத்தில் போனால் வள்ளென்று விழுவார் என்று நானாகவே முடிவு கட்டி அடுக்களையிலேயே கிடந்தேன். மாவாட்டினேன். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். அவர் இரண்டு தடவை தண்ணீர் கேட்டு வந்தார். செம்பை நீட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். மதினி ஊரிலிருந்து வந்து பையைக் கொடுத்தபோது இருட்டிவிட்டது. நான் படுக்கப் போனபோது அவர் தூங்கியிருந்தார்.

மறுநாள் கிளம்புகிற நேரத்தில் அடுக்களைக்குள் வந்தார்.

"ஏட்டி, மதினி ஊருக்குப் போறது எனக்குத் தெரியும். நாளைக்கு எடுத்துக்கிடுதேன்னு சொல்லித்தான் பைய வச்சேன். உங்கூட ஒரு நாள் இருப்பம்னு பாத்தா, நீ முகங்குடுத்தே பேசல."

"நேத்தே சொன்னா என்னங்க?"

"நல்ல நேரம் முடியப்போவுது, வெளிய வா மக்கா" என்று வாசலிலிருந்து மாமியார் குரல். போய்விட்டார்.

பிறகு எத்தனையோ லீவுகள் வந்தன. வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்த பின் பல வருஷம் ஒன்றாகவும் இருந்தோம். இப்போது அவர் இல்லை. எனக்கு அந்தப் புதன்கிழமை மத்தியானம் மட்டும் திரும்ப வேண்டும். கிடைத்தால், மாவு உரலிலேயே கிடந்து புளிக்கட்டும் என்று விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன்.