பஞ்சாப் மகாராஜாவும் நான் கழற்றிய சேட்டும்

1997 ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிசிசாகாவில் உள்ள ஒரு குருத்வாராவுக்குப் போனேன். லாகூரில் இருந்து பஞ்சாபை ஆண்ட சீக்கிய மகாராஜாவைப் பற்றி அங்கே படக் கண்காட்சி வைத்திருந்தார்கள். சரித்திர ஆர்வத்தில் போனேன் என்று சொன்னால் பொய். பல்பீரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்.

பல்பீர் என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த சீக்கியர். மூன்று வருடமாக எங்களுக்கு ஒரே சாப்பாட்டு மேசை. அவருடைய ரொட்டி எனக்கு, என்னுடைய புட்டு அவருக்கு. அந்த மகாராஜாவுக்குச் சின்ன வயதில் அம்மை வந்து ஒரு கண் போனது என்று ஒருநாள் சொன்னார். என் வாய் சும்மா கிடக்கவில்லை. "அதுதான் கோஹினூர் வைரத்தை வெள்ளைக்காரன் கொண்டுபோனது தெரியவில்லையோ?" என்று கேட்டுவிட்டேன். பல்பீர் பெட்டியை மூடிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார். இரண்டு கிழமை ஒரு சொல் பேசவில்லை. பாதிப் புட்டை ஒவ்வொரு நாளும் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தேன்.

"தவளை தன்ர வாயால கெட்ட மாதிரித்தான்," என்றாள் என் மனைவி வசந்தி. "ஞாயிற்றுக்கிழமை அவர் போற குருத்வாராவுக்கே நேர போய்க் கேளுங்கோ. நானும் வாறன்."

நாங்கள் இருந்த மல்வேர்னில் காலை 8.40க்கு பஸ் எடுத்தோம். கென்னடியில் சப்வே ரயில் ஏறி இஸ்லிங்டனில் இறங்கி, அங்கிருந்து மிசிசாகா பஸ். ஒரு வழிக்கு ஒருவருக்கு நாலு டொலர் போனது. நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு இரண்டரை மணித்தியாலம். பஸ் சாரதி நம்மவர். "குருத்வாராவோ அண்ணை? சாப்பிடாமல் வந்திடாதேங்கோ," என்று சொல்லி இறக்கிவிட்டார்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். முப்பது வருடம் ஊரில் நல்லூர்க் கோயில் வாசலில் மேற்சட்டையும் கழற்றிப் பழகிய கை அதோடு நிற்கவில்லை. சேட்டையும் கழற்றி இடுப்பில் சுற்றிவிட்டேன். குருத்வாராவில் தலையை மூட வேண்டும், உடம்பைத் திறக்கக் கூடாது. நான் இரண்டையும் மாற்றிச் செய்துகொண்டு நின்றேன். சப்பாத்து வாங்கி வைக்கும் மேசைக்குப் பின்னால் தொண்டு செய்தவர் வேறு யாருமல்ல, பல்பீர்.

"இஞ்சாருங்கோ, சேட்டைப் போடுங்கோ. சனம் பாக்குது," என்றாள் வசந்தி.

பாடமாக்கிய மன்னிப்பு முழுவதும் மறந்துபோனது. பல்பீர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். சேட்டைப் போடவிட்டு, தலையில் ஒரு செம்மஞ்சள் துணியைக் கட்டி, கண்காட்சிக்குக் கூட்டிப்போனார். மகாராஜா பொன் வேய்ந்த அமிர்தசரஸ் கோயில், இந்துவும் முஸ்லிமும் அமைச்சராக இருந்த அவருடைய சபை என்று படங்கள். வைரம் பறிபோனது அவர் இறந்த பிறகு, சின்ன மகனிடமிருந்து என்பதும் அங்கேதான் தெரிந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கடைசிப் படத்தில் மகாராஜா வெறும் மேலோடு ஒரு புளியமரத்தடியில் நின்றார். மத விதியை மீறியதற்குச் சவுக்கடி என்று சீக்கிய மதத் தலைவர்கள் தீர்ப்புச் சொன்னார்களாம். நாட்டை ஆண்டவர் மறுபேச்சில்லாமல் வந்து முதுகைத் திறந்தாராம். அந்தப் பணிவைப் பார்த்து மன்னித்தார்களாம்.

"மகாராஜாவே இப்படித்தான் மன்னிப்புக் கேட்டார்," என்றார் பல்பீர் ஆங்கிலத்தில். "நீரும் கேட்டுவிட்டீர். வாரும், சாப்பிடுவோம்."

போகிறவர்களுக்கு: தலைக்கு ஒரு துணி கொண்டுபோங்கள், அங்கேயும் தருவார்கள். நிலத்தில் சம்மணமிட்டு இருந்துதான் சாப்பாடு, காசு இல்லை. பருப்பை இரண்டாம் தரமும் கேட்டு வாங்குங்கள். ஞாயிறு பஸ் குறைவு, நேரம் பார்த்துப் புறப்படுங்கள். சேட்டைக் கழற்றாதீர்கள்.

திங்கட்கிழமை பல்பீர் பழைய மேசைக்கே வந்தார். எனக்கு மனம் கேட்கவில்லை. அது மன்னிப்பில்லை, கோயில் பழக்கத்தில் கழற்றியது என்று உண்மையைச் சொல்லி, இப்போதுதான் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன்.

"அது எனக்கு அங்கேயே தெரியும்," என்றார் அவர், என் புட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. "உம்மோடு பேச நானும் இரண்டு கிழமையாக ஒரு சாட்டுத் தேடிக்கொண்டிருந்தேன்."