வெள்ளை மேலே

இந்த ஊரில் மரத்தைக் குப்பையில் போடுகிறார்கள். ஓமானில் உள்ள சூர் நகரத்துக்கு ஒரு வீட்டு டிரைவராக வந்து சேர்ந்த புதிதில், என்னை மலைக்க வைத்தது கடலோரத்து மாளிகைகளோ அகலமான சாலைகளோ அல்ல, அதுதான். சூப்பர் மார்க்கெட்டின் பின்பக்கம், டைல்ஸ் கடை ஓரம், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் என்று எங்கே பார்த்தாலும் சரக்கு வந்திறங்கிய மரப் பாலெட்டுகள் சாய்ந்து கிடக்கும். ஒவ்வொரு சட்டமும் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். நகராட்சி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும்வரை அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பதினோரு வருடமாகியும் அந்த இடங்களைக் கடக்கும்போது என் கால் தானாகவே பிரேக்கைத் தொடுகிறது.

தேவிபட்டினத்துக்கு மேற்கே எங்கள் பக்கமெல்லாம் சீமைக்கருவேலங்காடு. என் அத்தா கரிமூட்டம் போடுகிறவர். கருவேலங்கட்டைகளை வெட்டிக் குவித்து, வைக்கோல் போர்த்தி, மண் பூசி, உள்ளே நெருப்பு வைத்துவிட்டால் நாள்கணக்கில் புகைந்து கரியாகும். அந்த மரத்தில் ஒரு முழம் நேராக வளர்ந்த கொம்பைப் பார்க்க முடியாது. ஆணி அடிக்கக்கூட லாயக்கில்லை, பிளந்துகொள்ளும். நேரான மரம் என்று ஒன்றை நான் முதலில் பார்த்தது பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்தில்தான் என்று நினைக்கிறேன். எனவே நல்ல மரம் வீணாகக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு ஒரு தவிப்பு வரும். அதை வைத்து என்ன செய்வது என்றுதான் தெரியாமல் இருந்தது. போன நவம்பரில்தான் அதற்கு ஒரு வேளை வந்தது.

நான் வேலை பார்க்கும் வீட்டில் இரண்டே பேர். வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பாபா என்று கூப்பிடுவேன். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தவர். ஊரே அவரை உஸ்தாதா, அதாவது டீச்சர், என்றுதான் அழைக்கும், நானும் அப்படியே. மகன் ஸாலிம் மஸ்கட்டில் வேலையில் இருக்கிறார். பாபா எப்போதும் முன்சீட்டில் என் பக்கத்தில்தான் உட்காருவார். உட்கார்ந்ததும் பேச ஆரம்பிப்பார். "ஷுவய்ய, ஷுவய்ய" என்பார், மெதுவாகப் போ என்று. மெதுவாகப் போனால் ஏன் தூங்குகிறாய் என்பார். எனக்குத் தெரிந்த அரபியில் பாதி அவர் என் வண்டியோட்டத்தைக் குறை சொல்லியே கற்றுக்கொடுத்தது.

போன ரமலான் மாதத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஒரேயடியாகப் போய்விடவில்லை, பயிற்சி கொடுத்தால் திரும்பும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் நான்தான் அவரைப் பயிற்சிக்குக் கூட்டிப்போவேன். பயிற்சி கொடுக்கும் பெண் படங்களைக் காட்டி, இது என்ன, இது என்ன என்று கேட்பாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு கூஜா படத்தைக் காட்டித் தன்னைப் பேர் சொல்லச் சொல்வது அவருக்கு அவமானமாக இருந்தது என்று எனக்குத் தோன்றியது. திரும்பி வரும்போது வண்டிக்குள் ஏசி சத்தம் மட்டும் கேட்கும். திட்டாவது திட்ட மாட்டாரா என்று இருக்கும்.

நவம்பரில் இங்கே தேசிய நாள். ஊர் முழுக்க வெள்ளை, சிவப்பு, பச்சையாகிவிடும். கார்களில், கடைகளில், குழந்தைகளின் தலைமுடி ரிப்பனில்கூட அந்த மூன்று நிறம்தான். எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஒவ்வொரு வருடமும் பிளாஸ்டிக் கொடித் தோரணம் கட்டுவேன். தோட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை: இரண்டு பேரீச்சை, ஒரு எலுமிச்சை, சுவரோரம் காகிதப்பூ, நடுவில் கொஞ்சம் புல். கடற்காற்றில் தோரணம் இரண்டே நாளில் கிழிந்து பறக்கும். பாபா காலையில் எழுந்து, தரையில் விழுந்த கொடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மண்ணைத் தட்டி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். ராணுவக்காரர் அல்லவா, கொடி காலில் மிதிபடக் கூடாது. இந்த முறை அவர் சக்கர நாற்காலியில் வராந்தாவில் உட்கார்ந்து, அவை விழுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க முடியும். அதனால் தோரணமே வேண்டாம் என்று உஸ்தாதா சொல்லிவிட்டார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. தெருவெல்லாம் நிறமாக இருக்க இந்த வீடு மட்டும் துக்க வீடு மாதிரி நிற்பதா? மரத்தில் செய்தால் கிழியாது, பறக்காது என்று யோசித்தேன். மரத்துக்கு "ஷஜர்" என்று சொல்வார்கள் என்பது தெரியும். "உஸ்தாதா, ஷஜர் வெட்டிக் கொடி செய்கிறேன்" என்று சொன்னேன். அவர் பதறிப்போய் வெளியே வந்து எலுமிச்சையின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். அது தன் மாமியார் நட்டது என்றார். நிற்கிற மரம் வேறு, அறுத்த மரம் வேறு, இரண்டுக்கும் இங்கே தனித்தனி வார்த்தை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. டைல்ஸ் கடைக்குக் கூட்டிப்போய்ப் பாலெட்டைக் காட்டிய பிறகு சிரித்தார். சரி, செய் என்றார்.

ஐந்து பாலெட்டைக் காரின் மேல் கட்டிக் கொண்டுவந்தேன். மத்தியானம் அவர்கள் சாப்பிட்டுப் படுத்த பிறகு எனக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு. கார் ஷெட்டில் உட்கார்ந்து ஆணி பிடுங்கினேன். நான் தச்சன் இல்லை. ஊரில் தேவிபட்டினத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் இடையே வேன் ஓட்டினவன். நவபாஷாணக் கோயிலுக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்குவதுதான் தொழில். ஆனால் நேரான சட்டம் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் எதையாவது செய்துவிடலாம் போலிருக்கிறது. முதலில் ஒரு பேரீச்சை மரம் செய்தேன். ஒரு நீளச் சட்டம், அதன் உச்சியில் விசிறி மாதிரி ஏழு துண்டு, பச்சை பெயிண்ட். பார்க்கச் சுமாராக இருந்தது. அப்படியே மூன்று செய்தேன். பிறகு சூர் ஊருக்கே பேர் வாங்கிக் கொடுத்த பாய்மரக் கப்பல் ஒன்று. அதற்கு எங்கள் ஊர்க் கடற்கரையில் பார்த்த மீன்பிடி வல்லத்தின் மூக்கு வந்துவிட்டது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். பாபா மத்தியானம் தூங்கப் போவதில்லை. வராந்தாவிலேயே இருக்க வேண்டும் என்று இடது கையால் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டுவாராம். ஷெட்டைப் பார்க்கிற மாதிரி நாற்காலியைத் திருப்பிவிட்டு உஸ்தாதா உள்ளே போய்விடுவார். நான் அறுப்பதை அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் அவரைப் பார்த்தால் வேறு பக்கம் பார்ப்பார்.

கடைசியாகக் கொடியைச் செய்தேன். இடது ஓரத்தில் செங்குத்தாக ஒரு சிவப்புச் சட்டம். அதிலிருந்து வலப்பக்கமாக மூன்று சட்டங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. பெயிண்ட் காய்ந்ததும் ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். தூக்கிக்கொண்டு போய்ப் பெருமையாக அவர் முன்னால் நிறுத்தினேன். அவர் முதலில் வெறுமனே பார்த்தார். பிறகு முகம் சிவந்தது. இடது கையை என் பக்கம் நீட்டினார். வாய் கோணியது. உள்ளேயிருந்து எதையோ இழுப்பது போலத் தவித்துவிட்டுச் சொன்னார்.

"ஃபோக்."

எட்டு மாதத்தில் அவரிடமிருந்து நான் கேட்ட முதல் சொல். ஃபோக் என்றால் மேலே. கொடியைக் கீழே வைத்ததில் அவருக்குக் கோபம் என்று நினைத்து மார்புவரை தூக்கினேன். "ஃபோக்" என்றார் மறுபடியும், பலமாக. தலைக்கு மேலே தூக்கினேன். தலையை வேகமாக ஆட்டினார், இல்லை என்று. ஷெட்டிலிருந்து ஸ்டூலைக் கொண்டுவந்து அதன் மேல் ஏறி நின்று தூக்கினேன். "ஃபோக், ஃபோக்" என்று அவர் கத்த, நான் அந்தக் கனத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னும் எவ்வளவு மேலே பாபா என்று தமிழிலேயே கேட்டுக்கொண்டிருந்தேன்.

உஸ்தாதா தலைத்துணிகூடச் சரியாகப் போடாமல் ஓடி வந்தார். ஸ்டூலில் நிற்கும் என்னையோ கொடியையோ அவர் பார்க்கவில்லை. கணவரின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்டார். பாபா அவர் கையை விலக்கிவிட்டு என்னைக் காட்டினார். வார்த்தையைத் தேடினார்.

"அப்யத் ஃபோக்" என்றார்.

வெள்ளை மேலே. அப்போதுதான் நிமிர்ந்து என் கையில் இருந்ததைப் பார்த்தேன். மேலே சிவப்பு, நடுவில் வெள்ளை, கீழே பச்சை. ஓமான் கொடியில் வெள்ளைதான் மேலே, சிவப்பு நடுவில். பதினோரு வருடமாகத் தெருவுக்குத் தெரு பார்த்த கொடி. என் கை அதைச் செய்யவில்லை. ஆறாம் வகுப்பில், ஆகஸ்ட் மாதத்தில், காவி மேலே, வெள்ளை நடுவில், பச்சை கீழே என்று சார் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்த வரிசையைத்தான் செய்திருக்கிறது. காவிக்குப் பதில் சிவப்பு, அவ்வளவுதான்.

ஸ்டூலிலிருந்து இறங்கி முதல் வேலையாகக் கொடியின் மேல் ஒரு சாக்கைப் போட்டேன். கொடியை அவமதித்தான் என்று யாராவது சொன்னால் என் கதி என்ன? இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிற குடியிருப்பு அட்டையில்தான் நான் இந்த நாட்டில் இருக்கிறேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். உஸ்தாதா சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அழுகையோடே சிரிக்கவும் ஆரம்பித்துவிட்டார். "காதர், இன்னும் ஏதாவது தப்பாகச் செய்" என்றார்.

பெயிண்ட் அடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. இரண்டு சட்டத்தைக் கழற்றி இடம் மாற்றினால் போதும். நான் கழற்ற, ஸ்க்ரூக்களைப் பாபா இடது உள்ளங்கையில் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டார். ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தார். கொடியின் மூலையில் வரும் வாளும் குத்துவாளும் போட எனக்குத் தைரியம் இல்லை. அதை உஸ்தாதாவே அட்டையில் வெட்டி வைத்து வெள்ளை பெயிண்டால் ஒற்றினார்.

அதன் பிறகு மத்தியானம் மூன்று பேருமாக ஷெட்டில் உட்கார்ந்தோம். பாபாவின் மடியில் ஒரு பலகை, இடது கையில் உப்புத்தாள். தேய்த்துக்கொண்டே இருப்பார். வழவழப்பு போதாவிட்டால் பலகையை என்னிடம் கொடுக்காமல் வைத்துக்கொள்வார். சொற்கள் ஒன்றிரண்டாக வந்தன. ஆணி. கோணல். இது சரியில்லை. குறை சொல்கிற வார்த்தைகளே முதலில் வந்தன. ஒரு நாள் பயிற்சிக்குப் போகும் வழியில், ரவுண்டானாவில் நான் கொஞ்சம் வேகமாகத் திரும்பியபோது பக்கத்திலிருந்து "ஷுவய்ய" என்று குளறலாக ஒரு சத்தம். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் மறுபடி எடுக்க முடிந்தது. ஏன் நிறுத்தினாய் என்று அவருக்குக் கோபம்.

தேசிய நாளன்று தோட்டத்தில் மூன்று பேரீச்சை, ஒரு கப்பல், ஒரு கொடி, பாபா தேய்த்த பலகைகளில் வெட்டிய ஒன்பது நட்சத்திரங்கள். ஓமான் கொடியில் நட்சத்திரமே கிடையாது. அவருக்குப் பிடித்திருந்தது, வெட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து போட்டோ எடுத்தார்கள். எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு உஸ்தாதா பதில் சொல்லுமுன் பாபா கட்டைவிரலால் என்னைக் காட்டினார். மஸ்கட்டிலிருந்து வந்த ஸாலிம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் புல்லில் உட்கார்ந்திருந்தார். வளர்ந்து ஆளான பிறகு என் சொந்த நாட்டுக்குக்கூட நான் ஒரு கொடி செய்ததில்லையே என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தபோது வருத்தமாக இல்லை. வேடிக்கையாகத்தான் இருந்தது.

கூட்டம் கலைந்து, நான் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து என் மனைவி மெஹருன் வீடியோவில் கூப்பிட்டாள். தேவிபட்டினத்தில் புது வீட்டுக்குச் சுற்றுச்சுவர் எடுக்கிற வேலை அன்றைக்குத்தான் ஆரம்பம். "மச்சான், கொத்தனார் வந்து நிக்கிறாரு. வாசப்படியிலருந்து அஞ்சடி தள்ளிச் சுவரப் போட்டா போதும்ங்குறாரு. கோடு போடச் சொல்லவா?" என்றாள்.

ஐந்தடியில் ஒரு செருப்பு விடத்தான் இடம் இருக்கும். தோட்டத்துக்கு இடம் விடச் சொன்னேன். உப்புத் தண்ணியில என்ன வரும், ஆடுதான் மேயும் என்றாள். காகிதப்பூ வரும், எலுமிச்சையையும் வைத்துப் பார்ப்போம் என்றேன். சரி, எவ்வளவு தூரம் என்று கேட்டாள். எனக்கு அடிக்கணக்கில் சொல்லத் தெரியவில்லை. பைப்பைக் கீழே போட்டுவிட்டு, போனைப் பிடித்தபடி வராந்தாப் படிக்கு முதுகைக் காட்டி நின்று, அங்கிருந்து மரப் பேரீச்சைகளை நோக்கிக் காலடி வைக்க ஆரம்பித்தேன். போனில் மெஹருன் எங்கள் வாசற்படியிலிருந்து என்னோடு கூடவே நடந்தாள். கையில் சுண்ணாம்புப் பொடியோடு கொத்தனார் அவள் பின்னால்.

"வாஹித்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஒன்று. நாற்காலியில் இருந்த பாபா என் காலடிகளை எண்ணினார். இரண்டு. மூன்று. நான்குக்கு வார்த்தை வரவில்லை. அது வரும்வரை நான் தூக்கிய காலை வைக்காமல் நின்றேன். மெஹருனும் அங்கே நின்றாள்.

"யாரு மச்சான் எண்ணுறது?"

"எங்க பாபா" என்றேன்.

பதினொன்றில் மரப் பேரீச்சைகள் வந்துவிட்டன. நின்றேன். திரையில் மணலும், மெஹருனின் பாதங்களும், சுண்ணாம்பு பிடித்த ஒரு கையும் தெரிந்தன.

"இங்கனயா?" என்று கேட்டாள்.

குனிந்து என் கால் நின்ற ஈரப் புல்லைப் பார்த்தேன்.

"ஆமா, இங்கனதான்" என்றேன். அங்கே மணலில் வெள்ளைக் கோடு விழ ஆரம்பித்தது.