முதல் பக்கத்து ஓலை

“அப்பா, என் ஆளு நகரவே மாட்டேங்குறான்” என்றாள் மகள். பரணிலிருந்து இறக்கிய என் பழைய வீடியோ கேமில், இரண்டாவது ஜாய்ஸ்டிக் சொருகும் இடத்தில் கோளாறு. இதே வார்த்தையைத்தான் என் அக்காவும் சொல்வாள்.

திண்டுக்கல் வீட்டில் பெரிய லீவு மத்தியானங்கள் முழுக்க ஆடுவோம். ஜன்னலைச் சாத்தினாலும் தோல் பதனிடும் ஷாப் வாடை உள்ளே வரும். ஒருநாள் இரண்டு சொருகுகளுமே தளர்ந்துவிட்டன. மறுநாள் என் பக்கம் மட்டும் தானாகச் சரியாகியிருந்தது. அக்காவின் ஆள் பாதியில் நின்றுவிடுவான்.

“ஒனக்கு ஆடவே தெரியல” என்பேன்.

“ஆமாடா, எனக்கு இம்புட்டுத்தான் வரும்” என்று சிரிப்பாள்.

அந்த வாரம்தான், மாதா படத்தில் சொருகியிருந்த குருத்தோலைச் சிலுவையில் ஒரு கையைக் காணோம். “மந்திரிச்ச ஓலையப் பிச்சது யாரு?” என்று அம்மா கத்தினாள். அக்கா பிய்த்ததை நான் பார்த்திருந்தேன். சொல்லிவிட்டேன்.

“ஏண்டி பிச்ச?”

அம்மா விளக்குமாற்றால் அடித்தும் அக்கா வாயைத் திறக்கவில்லை. எதற்கென்று சொல்லியிருந்தால் அம்மா கேமைத் தூக்கி எறிந்திருப்பாள்.

அந்த ஐப்பசியில் வந்த காய்ச்சலில் அக்கா போய்விட்டாள்.

இப்போது மூடியைக் கழற்றினேன். இரண்டாவது சொருகு பற்று விட்டு ஆடியது. முதல் சொருகுக்கு, என் பக்கத்துக்கு, முட்டுக் கொடுத்திருந்தது மடித்த ஓலைத்துண்டு ஒன்று.

“சரியாச்சாப்பா?”

ஓலையை எடுக்காமல் மூடியை மாட்டினேன். முதல் ஜாய்ஸ்டிக்கை மகளிடம் கொடுத்துவிட்டு, இரண்டாவதை நான் எடுத்துக்கொண்டேன்.

“ஒங்களுக்கு ஆடவே தெரியலப்பா” என்றாள்.