புளோ ரூமில் என்னைப் போட்டது யார்

மூச்சு ஆராய்ச்சிக்கு வந்த ஒரு பெண் டாக்டர் என்னைப் பஞ்சுத் தூசிக்குள் தள்ளிவிட்டு, எத்தனை நாளில் நான் விழுவேன் என்று எழுதி வைக்கப்போகிறாள் என்று முழுமனதாக நம்பினேன். ஐம்பத்திரண்டு வயது எனக்கு. இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவன். அப்படியும் நம்பினேன்.

நடந்த வரிசை அப்படி. ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் நூற்பாலைக்கு ஒரு திங்கட்கிழமை காலை அவள் வந்தாள். ஏதோ ஒரு மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாளாம். கேண்டீனை ஒட்டிய அறையில் மேசை போட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மெஷினில் மாட்டிய ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னாள். "ஊதுங்கண்ணே, ஊதுங்க, விட்றாதீங்க, இன்னும், இன்னும்!" அவள் கத்திய கத்தலில் ஏதோ கப் ஜெயிக்கப்போகிறவன் போல ஊதினேன். பிறகு நாற்பது கேள்வி. எத்தனை வருட சர்வீஸ், வீட்டில் விறகடுப்பா, கேஸா. பீடி உண்டா என்றாள். "சேச்சே" என்றேன். இதற்கெல்லாம் முன்னாலேயே ஒரு சம்மதத் தாளை நீட்டி, படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தாள். கையெழுத்தை மட்டும் போட்டேன்.

வியாழக்கிழமை சூப்பர்வைசர் வந்தார். "யோவ், நாளையிலிருந்து நீ புளோ ரூம்."

பஞ்சுப் பொதிகளைப் பிரித்து மெஷினில் போட்டு அடித்து உதறும் இடம் அது. ஆலைக்குள் வரும் தூசியெல்லாம் முதலில் அங்கேதான் இறங்கும். ஆனால் வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழும் நேரத்தில் அந்த அறைக்கு ஒரு மயக்கம் உண்டு. துகள்கள் கீழே விழாது, அப்படியே நிற்கும். நாம்தான் அவற்றுக்குள் மெல்ல மிதந்து போகிறோம் என்று தோன்றும். இமையில், காது மடலில், மீசையில் வெள்ளை படிந்து, எதிரே நிற்கிறவன் நூறு வயதுக் கிழவனாகத் தெரிவான். அவன் சிரித்தால் பல் மட்டும் இளமையாக இருக்கும்.

கெட்ட நேரம், முந்தின வாரம்தான் போனில் ஒன்று படித்திருந்தேன். ஆராய்ச்சி என்றால் ஆட்களைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரிப்பார்களாம். ஒரு பக்கத்துக்கு ஒன்றைக் கொடுப்பார்கள், மறு பக்கத்துக்குக் கொடுக்காமல் விடுவார்கள். திங்கட்கிழமை ஊதினேன், வியாழக்கிழமை உத்தரவு. கணக்கு எனக்குச் சரியாக வந்தது.

வெள்ளிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறி இடது பக்க ஜன்னலில் உட்கார்ந்தேன். மலை கூடவே வந்தது. அதன் மேல் மேகம் பிரித்துப் போட்ட பொதி மாதிரிக் கிடந்தது. கண் சொருகியது. பெரிய கண்ணாடி ஜாடிக்குள் நிற்கிறேன். மேலிருந்து பஞ்சு சத்தமில்லாமல் இறங்குகிறது. முழங்கால், இடுப்பு, கழுத்து. வெளியே அந்தப் பெண் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் ஜாடியைத் தட்டுகிறேன். 'தட்டுகிறார்' என்று எழுதிக்கொள்கிறாள். அழுகிறேன். 'அழுகிறார்' என்று எழுதிக்கொள்கிறாள். கையெழுத்து மட்டும் அவ்வளவு அழகு. கண்டக்டர் உலுக்கியபோது பஸ் ஸ்டாண்ட் வந்திருந்தது.

அந்த ஊரில் மடவார் வளாகம் பகுதியில் வீடு. போனதும் மனைவியிடம் சொன்னேன்.

"ஏட்டி, என்னைய எலியாட்டம் வச்சுப் பாக்காக."

"எலின்னா வச்ச இடத்துல இருக்கும். உங்களைப் போயி யாரு வச்சுப் பாப்பாக?"

"சிரிக்காத. இருமல் வேற வருது."

"பயத்துல வருது. அந்தப் பிள்ளைகிட்டயே போயிக் கேளுங்க. என் உசுர வாங்காதீக."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மூச்சை எண்ணினேன். எண்ண ஆரம்பித்தால் அது தானாக வர மறுக்கிறது. ஒவ்வொன்றையும் கூப்பிட வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை அவள் மறுபடி வந்தாள். ஷிப்டுக்கு முன்னால் ஊதிவிட்டுக் கேட்டேன்.

"டாக்டரம்மா, நான் எந்தக் கோஷ்டி? தூசிக்குள்ள போட்ட கோஷ்டியா, வெளிய விட்ட கோஷ்டியா?"

"உங்களை யாருண்ணே போட்டது?"

"நீங்கதான்."

அவள் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தாள்.

"நல்லது செய்யும்னு நம்புற மருந்தைக் கொடுத்து அப்படிப் பிரிச்சுப் பார்க்கலாம்ணே, அதுவும் நீங்க சம்மதிச்சா. கெடுதல்னு தெரிஞ்ச தூசிக்குள்ள ஒரு ஆளைத் தள்ளிப் பார்க்க எங்களுக்கு உரிமை கிடையாது. கேட்டிருந்தா எங்க காலேஜ் நெறிமுறைக் கமிட்டியில பேப்பரைத் தூக்கிப் போட்டிருப்பாங்க. நீங்க எங்க நிக்கிறீங்களோ அங்க வந்து பார்க்க மட்டும்தான் முடியும்."

"அப்ப நான் நிக்கதைப் பாத்துக்கிட்டே இருப்பீகளா?"

"மூச்சு குறைஞ்சா உடனே உங்ககிட்டச் சொல்லணும். சொல்லாம பார்த்துட்டு இருக்கவும் உரிமை கிடையாது."

"தூசியாலதான் குறைஞ்சதுன்னு எப்படித் தெரியும்?"

"அதுதான் கஷ்டம். பிரிச்சுப் பார்க்கக் கூடாது இல்லையா, அதனால கேட்டுக் கேட்டுத்தான் மத்த காரணத்தைக் கழிக்கணும். விறகடுப்பு இல்ல, பீடி இல்லன்னு. நீங்க சொல்றதை நம்பித்தான் எல்லாமே."

மின்விசிறியைப் பார்த்தேன். பிறகு தரையைப் பார்த்தேன்.

"பீடின்னா... பஸ் ஸ்டாப்புல ரெண்டு."

"ரெண்டா?"

"அஞ்சு."

பழைய பதிலை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். "ஆனா உங்களை மாத்தினது யாருன்னு எனக்கும் தெரியணும்ணே. எங்க ஆராய்ச்சியைக் காரணம் வச்சு யாராவது மாத்தியிருந்தா இதை இத்தோட நிறுத்தணும். உங்க பேரைச் சொல்லி விசாரிக்கலாமா?"

"நானும் வாரேன்" என்றேன். நியாயம் கேட்கப் போகிற மிதப்பில் அவளுக்கு முன்னால் நடந்தேன்.

சூப்பர்வைசர் ஃபைலைப் பிரித்து ஒரு தாளை எடுத்து அவளிடம் கொடுத்தார். என் கையெழுத்து. இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதி. முட்டி வலியால் ஸ்பின்னிங் பகுதியில் நடந்து நடந்து வேலை பார்க்க முடியவில்லை, தயவுசெய்து புளோ ரூமுக்கு மாற்றித் தரவும் என்று எழுதியிருந்தேன். முட்டிக்கு ஒரு கேடும் இல்லை. புளோ ரூமில் பொதிகளுக்குப் பின்னால் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒருவன் பஞ்சில் புதைந்து தூங்குவதை ஒரு நாள் பார்த்துவிட்டேன். மேகத்துக்குள் படுத்த மாதிரி இருந்தான். அந்தப் பொறாமையில் எழுதிக் கொடுத்துவிட்டு, எழுதியதையே மறந்துபோயிருந்தேன்.

அவள் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள்.

"முட்டி இப்ப எப்படிண்ணே இருக்கு?"

அன்று ஷிப்ட் முடிந்து ஊதியபோது காலையில் ஊதியதைவிடக் குறைந்திருந்தது. எவ்வளவு என்று சொல்லி, நெஞ்சு டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். போய்ப் பார்த்தேன். தூசியை விட்டு விலகு, பீடியையும் விடு என்றார். இன்னொரு மனு எழுதினேன். பதினைந்து நாள் கழித்து என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். இப்போதும் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.